ஹிட்லர் இளைஞர் இயக்கத்தில் பிள்ளைகள் பயந்துதான் சேர்ந்தார்களா?

கேள்வி இது: ஹிட்லர் காலத்து ஜெர்மனியில் சிறுவர்களும் சிறுமிகளும் மிரட்டலுக்குப் பயந்துதான் ஹிட்லர் இளைஞர் இயக்கத்தில் சேர்ந்தார்களா? எதிர்த்து நின்ற இளைஞர்கள் யாருமே இல்லையா?

முதல் பாதிக்குச் சுருக்கமான பதில்: பெரும்பாலானவர்கள் பயந்து சேரவில்லை, ஆசைப்பட்டுத்தான் சேர்ந்தார்கள். சேராவிட்டால் தண்டனை என்ற விதி 1939 மார்ச்சில்தான் வந்தது. அதற்குள் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் உள்ளே போயாயிற்று. இரண்டாம் பாதிக்குப் பதில்: எதிர்த்தவர்கள் இருந்தார்கள், அதிலும் பலர் இயக்கம் கட்டாயமான பிறகு கிளம்பியவர்கள். கட்டாயம் வந்ததும் எதிர்ப்பு கூடியது ஏன் என்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஜெர்மனியில் இளைஞர் இயக்கம் ஹிட்லர் தொடங்கி வைத்தது அல்ல. 1901இல், பெர்லினை ஒட்டிய ஸ்டெக்லிட்ஸில், பள்ளி மாணவர்கள் சிலர் 'வான்டர்ஃபோகல்' என்ற சங்கத்தை ஆரம்பித்தார்கள். நாடோடிப் பறவைகள் என்று வைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமையானால் கஞ்சி போட்ட காலரோடு அப்பா அம்மா பின்னால் உலாவப் போவதை விட்டுவிட்டு, முதுகில் ஒரு பை, தோளில் கிட்டார், காட்டில் கூடாரம், இரவில் தீ மூட்டிப் பாட்டு என்று கிளம்பினார்கள். பெரியவர்கள் கண்ணில் படாமல் இருப்பதுதான் அதன் சுகம். 1913 அக்டோபரில் ஹோஹர் மைஸ்னர் மலையில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கூடி, எங்கள் வாழ்க்கையை எங்கள் பொறுப்பில் நாங்களே அமைத்துக்கொள்வோம் என்று அறிவித்தார்கள். முதல் உலகப்போருக்குப் பிறகு இந்த இயக்கம் நூற்றுக்கணக்கான குழுக்களாகக் கிளைத்தது. கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட், சோஷலிஸ்ட், கம்யூனிஸ்ட், யூதர், எந்தக் கட்சியும் வேண்டாம் என்று மலையேறப் போனவர்கள் என எல்லா வகையும் இருந்தன. இவற்றில் பலவற்றுக்குப் பொதுவாக ஒரு தேசியக் குழு இருந்தது. அதன் கீழ் வந்த சங்கங்களில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள்.

இந்தக் கூட்டத்தில் ஹிட்லர் கட்சியின் இளைஞர் பிரிவு ஒரு சுண்டைக்காய். 1926 ஜூலையில் வைமரில் நடந்த கட்சி மாநாட்டில்தான் அதற்கு ஹிட்லரின் பெயர் சூட்டப்பட்டது. முதல் தலைவர் கூர்ட் க்ரூபர், சாக்ஸனிக்காரர். 1932 முடிவில்கூட உறுப்பினர்கள் ஒரு லட்சத்தைச் சுற்றித்தான். பாதி வேலை தெருச்சண்டை. 1932 ஜனவரியில் பெர்லினின் மோவாபிட் பகுதியில் துண்டறிக்கை கொடுக்கப் போன ஹெர்பர்ட் நோர்குஸ் என்ற 15 வயதுப் பையனைக் கம்யூனிஸ்டுகள் குத்திக் கொன்றார்கள். கட்சி அவனைத் தியாகியாக்கியது, அடுத்த ஆண்டே அவன் கதையை ஒட்டி ஒரு திரைப்படம் வந்தது, அவன் இறந்த நாள் இயக்கத்தின் நினைவு நாளானது. சாவதுதான் ஒரு பையனின் உச்சப் பெருமை என்ற பாடம் ஆட்சிக்கு வருமுன்பே தொடங்கிவிட்டது.

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஏப்ரலில் இளைஞர் பிரிவின் தலைவர் பால்டர் ஃபான் ஷீராக், அப்போது அவருக்கு 25 வயது, ஐம்பது பையன்களை அனுப்பி பெர்லினில் இருந்த தேசியக் குழுவின் அலுவலகத்தைக் கைப்பற்றினார். கோப்புகள், சங்கங்களின் விவரங்கள் எல்லாம் ஒரே நாளில் கைக்கு வந்தன. யூத, சோஷலிச சங்கங்கள் உடனே வெளியேற்றப்பட்டன. ஜூனில் ஷீராக் நாடு முழுவதற்குமான இளைஞர் தலைவராக நியமிக்கப்பட்டார். டிசம்பரில் புராட்டஸ்டன்ட் பேராயர் லூட்விக் ம்யூல்லர் தன் சபையின் இளைஞர் சங்கங்களை அப்படியே தூக்கிக் கொடுத்தார். நாடெங்கும் இருந்த இளைஞர் விடுதிகளும் இயக்கத்தின் கைக்குப் போயின. கத்தோலிக்கர்களுக்கு வத்திக்கானோடு செய்த ஒப்பந்தம் கொஞ்ச காலம் கவசமாக இருந்தது. ஆனால் 1935இல் அவர்களும் ஜெபம், மறைக்கல்வி தவிர வேறு எதுவும் செய்யக் கூடாது என்றாயிற்று: சீருடை கூடாது, நடைப்பயணம் கூடாது, விளையாட்டு கூடாது.

1933 முடிவில் உறுப்பினர்கள் சுமார் 23 லட்சம். ஒரே ஆண்டில் இருபது மடங்குக்கும் மேல். ஆசைப்பட்டுச் சேர்ந்தார்கள் என்று மேலே எழுதியதை இங்கே கொஞ்சம் திருத்திப் படிக்க வேண்டும். காட்டுக்குப் போய்க் கூடாரம் அடிக்க ஆசைப்பட்ட பையனுக்குப் போக வேறு சங்கம் இல்லாமல் செய்த பிறகு வந்த கூட்டம் இது. பழைய சங்கங்களின் கூடாரம், தீ, பாட்டு, குட்டைக் கால்சட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, பெரியவர்கள் தலையீடு இல்லாத சுதந்திரத்தை மட்டும் விட்டுவிட்டார்கள்.

சரி, அப்படியே வைத்துக்கொண்டாலும், பிள்ளைகளுக்கு அதில் என்ன கிடைத்தது? நிறையக் கிடைத்தது. இதை ஒப்புக்கொள்ளாமல் அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம்.

முதலில் அதிகாரம். இளைஞர்களை இளைஞர்களே வழிநடத்த வேண்டும் என்பது இயக்கத்தின் முழக்கம். 10 முதல் 14 வயதுப் பையன்களுக்கு ஒரு பிரிவு, 14 முதல் 18 வரை ஒரு பிரிவு. மிகச் சிறிய குழுவில் பத்துப் பேர், அதன் தலைவனுக்கு அவர்களைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட. பதினைந்து பதினாறு வயதுப் பையன் நூறு பேருக்கு மேல் நிற்கும் அணிக்குத் தலைவனாக முடியும். தோளில் பட்டை, கழுத்தில் விசில், எதிரே வரிசையாக நிற்கும் நூறு சின்னப் பையன்கள். வீட்டில் அப்பாவுக்கும் பள்ளியில் பிரம்புக்கும் பயந்து வளர்ந்த ஒரு தொழிலாளி மகனுக்கு இது சாதாரண விஷயமா? டாக்டர் மகனும் அவனும் ஒரே பழுப்புச் சட்டையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். சட்டையை வாங்கிக் கொடுத்தது பெற்றோர்தான், அது வேறு விஷயம்.

அப்புறம் பள்ளியின் மேல் ஒரு வெற்றி. 1934 முதல் 1936 வரை சனிக்கிழமை இயக்கத்துக்கான நாள். உறுப்பினர்களுக்கு அன்று வகுப்பு கிடையாது, வெளியே பயிற்சி, விளையாட்டு. உறுப்பினர் ஆகாதவர்கள் மட்டும் பள்ளிக்கு வந்து நாஜிக் கொள்கைப் பாடம் கேட்க வேண்டும். காலியான வகுப்பில் மூன்று நான்கு பேரோடு உட்கார்ந்திருக்கும் பையன் அடுத்த சனிக்கிழமை வரை தாங்குவானா? யாரும் அவனை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. ஆசிரியர்களுக்கோ இது தலைவலி. கேள்வி கேட்டால் எனக்கு நேற்றிரவு இயக்கப் பணி இருந்தது என்று பையன் திமிராகப் பதில் சொல்கிறான், கண்டித்தால் புகார் போகிறது.

பத்து வயதானால் ஏப்ரலில், ஹிட்லரின் பிறந்த நாளை ஒட்டிச் சேர்ப்பார்கள். சத்தியம் எடுத்த பிறகு ஒரு தேர்வு: 60 மீட்டரை 12 விநாடிக்குள் ஓட வேண்டும், 2.75 மீட்டர் நீளம் தாண்ட வேண்டும், பந்தை 25 மீட்டர் எறிய வேண்டும், ஒன்றரை நாள் நடைப்பயணம் போக வேண்டும், கட்சிப் பாட்டை ஒப்பிக்க வேண்டும். தேறினால் இடுப்பில் கத்தி. பெரிய பையன்களுக்கு மோட்டார் சைக்கிள் பிரிவு, படகுப் பிரிவு, கிளைடர் ஓட்டும் பிரிவு. வான்படை ஆட்களை அந்தக் கிளைடர் பையன்களிலிருந்துதான் பொறுக்கியது என்பது பையன்களுக்கு அப்போது குறையாகத் தெரிந்திருக்காது.

பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் சிக்கலானது, பலர் இதைச் சரியாகக் கவனிப்பதில்லை. 'ஜெர்மன் பெண்கள் சங்கம்' என்று அவர்களுக்குத் தனிப் பிரிவு. கொள்கையளவில் அது தாயாகவும் மனைவியாகவும் தயார்ப்படுத்துவதற்கு. நடைமுறையில், பதினான்கு வயதுப் பெண் தங்கையைப் பார்த்துக்கொள், பாத்திரம் கழுவு என்ற வீட்டை விட்டு வாரத்தில் இரண்டு முறை வெளியே போகலாம், ஓடலாம், முகாமில் தங்கலாம், ஐம்பது பேருக்குத் தலைவியாகலாம். அம்மா தடுத்தால் அரசாங்கமே மகள் பக்கம். அடக்கிவைக்க வந்த அமைப்பு அந்தப் பெண்களுக்கு விடுதலையாகத் தெரிந்தது. பின்னாளில் மூனிக்கில் ஹிட்லரை எதிர்த்துத் தலை கொடுத்த சோஃபி ஷோல் இந்தச் சங்கத்தில் உற்சாகமாகச் சேர்ந்து தலைவியாக இருந்தவர். அவருடைய அண்ணன் ஹான்ஸ் 1935 நூரெம்பெர்க் மாநாட்டில் கொடி பிடித்துப் போனவர். அப்பா ராபர்ட் ஷோல் ஹிட்லரை வெறுத்தவர், எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பிள்ளைகள் கேட்கவில்லை.

பெற்றோரைப் பிள்ளைகளே காட்டிக்கொடுத்தார்கள் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அப்படி நடந்தது உண்மை. ஆனால் ரகசியப் போலீஸான கெஸ்டாப்போவுக்குப் போன புகார்களில் பெரும்பகுதி பக்கத்து வீட்டுக்காரர்களும் உடன் வேலை செய்தவர்களும் கொடுத்தவை, வீட்டுக்குள்ளிருந்து போனவை குறைவு. பிள்ளை வாசற்படி ஏறினால் பேச்சை மாற்றும் பழக்கத்துக்கு அந்தக் கொஞ்சமே போதுமானதாக இருந்தது.

கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும் உண்டு. யூதப் பிள்ளைகளுக்கு இதில் இடமே இல்லை. நேற்றுவரை கூட விளையாடிய பையன் சீருடையில் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். பெர்லினில் ரெஹா ஃப்ரையர் என்ற பெண்மணி யூத இளைஞர்களைப் பாலஸ்தீனத்துக்கு அனுப்ப ஓர் அமைப்பை உண்டாக்கினார். ஆயிரக்கணக்கானோர் உயிர் தப்பியது அதனால்தான். பெர்லினிலேயே தங்கிவிட்ட யூத இளைஞர்களில் ஹெர்பர்ட் பவும் என்பவரைச் சுற்றி ஒரு குழு உருவானது. 1942 மே மாதம் அவர்கள் நாஜிகளின் பிரசாரக் கண்காட்சி ஒன்றுக்குத் தீ வைத்தார்கள். குழுவில் பெரும்பாலானவர்கள் கொல்லப்பட்டார்கள்.

இப்போது கட்டாயத்துக்கு வருவோம். 1936 டிசம்பர் 1 அன்று ஒரு சட்டம் வந்தது: ஜெர்மன் இளைஞர் அனைவரும் ஹிட்லர் இளைஞர் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். அறிவிப்பு பெரிது, ஆனால் சேராதவர்களுக்குத் தண்டனை எதுவும் அதில் இல்லை. அப்போது உறுப்பினர் எண்ணிக்கை ஏறத்தாழ 54 லட்சம். அழுத்தம் வேறு வழிகளில் வந்தது. அப்பா அரசு ஊழியர் என்றால் மேலதிகாரி கூப்பிட்டு உங்கள் மகன் ஏன் இன்னும் சேரவில்லை என்று கேட்பார். தொழில் பழக இடம் தேடும் பையனிடம் உறுப்பினர் அட்டையைக் கேட்பார்கள். 1939 மார்ச் 25 ஆணைதான் பத்து வயது முதல் பதினெட்டு வரை எல்லாருக்கும் பணியைக் கட்டாயமாக்கியது. பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு 150 மார்க் வரை அபராதம் அல்லது காவல். வராதவனைப் போலீஸை விட்டுக் கூட்டிவரலாம்.

இந்தப் பிள்ளைகளை என்ன செய்யப் போகிறோம் என்பதை ஹிட்லர் ஒளித்து வைக்கவில்லை. 1938 டிசம்பரில் ரைஷன்பெர்க் நகரில் பேசும்போது, பத்து வயதில் எங்களிடம் வருகிறார்கள், அங்கிருந்து இளைஞர் இயக்கம், பிறகு கட்சி, தொழிலாளர் முன்னணி, ராணுவம் என்று அடுக்கிக்கொண்டே போய், இனி வாழ்நாள் முழுவதும் இவர்களுக்கு விடுதலை கிடையாது என்று சொன்னார். கூட்டம் கைதட்டியது.

ஆனால் எல்லாரையும் உள்ளே இழுத்த அதே நேரத்தில்தான் இயக்கத்தின் கவர்ச்சி இறங்கத் தொடங்கியது. விருப்பம் இல்லாதவர்கள் வந்து வரிசையில் நின்றார்கள். 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் பதினெட்டு, இருபது வயதுத் தலைவர்கள் போர்முனைக்குப் போனார்கள். பதினாறு வயதுப் பையன்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள், அதட்டலைத் தவிர வேறு எதுவும் தெரியாதவர்கள் அவர்களில் நிறைய. கூடாரமும் தீயும் போய், அணிவகுப்பும் பழைய இரும்பு சேகரிப்பும் அறுவடை வேலையும் மிஞ்சின. 1940 மார்ச்சில் இளைஞர்கள் இருட்டிய பிறகு தெருவில் சுற்றக் கூடாது என்று போலீஸ் ஆணை வந்தது. இயக்கத்தின் சொந்த ரோந்துப் படை சினிமாக் கொட்டகை வாசலிலும் ரயில் நிலையத்திலும் நின்று தன் வயதுக்காரர்களையே பிடித்தது.

யார் முதலில் திமிறினார்கள் என்று பார்த்தால், இயக்கம் எதுவும் கொடுக்காதவர்கள்தான். தொழிலாளர் வீட்டுப் பையன்கள் பதினான்கு வயதில் பள்ளியை முடித்து ஆலைக்கோ சுரங்கத்துக்கோ போவார்கள். பள்ளியில் ஆசிரியரை மட்டம்தட்டும் சலுகை அவர்களுக்குப் பயனில்லை. கையில் சொந்தச் சம்பளம். நாள் முழுவதும் வேலை செய்துவிட்டு, மாலையில் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் கத்தும் கட்டளைக்கு ஏன் நிற்க வேண்டும்?

இப்படி உருவானவர்கள்தான் எடல்வைஸ் கொள்ளையர்கள் என்று பின்னாளில் பெயர் பெற்ற குழுக்கள். கொலோன், டுஸ்ஸல்டார்ஃப், எஸ்ஸன், வுப்பர்டால் என்று ரைன், ரூர் தொழில் நகரங்களில் பரவியிருந்தார்கள். தலைமை கிடையாது, கட்சி கிடையாது. கட்டம் போட்ட சட்டை, குட்டைக் கால்சட்டை, காலருக்கு அடியில் எடல்வைஸ் பூச் சின்னம், கிட்டார். வார இறுதியில் மலைக்கும் ஏரிக்கும் போய்க் கூடாரம் அடிப்பார்கள். பையன்களும் பெண்களும் சேர்ந்தே போவார்கள். பழைய பாட்டுகளுக்குத் தங்கள் வரிகளைப் போட்டுப் பாடுவார்கள், வழியில் இயக்க ரோந்துப் பையன்கள் தென்பட்டால் அடித்துத் துவைப்பார்கள். வான்டர்ஃபோகலிடமிருந்து நாஜிகள் எடுத்துக்கொண்டதைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார்கள் என்றுதான் நான் பார்க்கிறேன். லைப்ஸிக்கிலும் இதே மாதிரிக் குழுக்கள் 1937 முதலே இருந்தன. அங்கே பழைய சோஷலிச, கம்யூனிசக் குடும்பங்களின் வாசனை கூடுதல்.

ஆரம்பத்தில் இவர்களிடம் அரசியல் அதிகம் இல்லை. அரசாங்கம்தான் அவர்களை அரசியலுக்குத் தள்ளியது. பிடிபட்டவர்களை மொட்டையடித்தார்கள், அடைத்து வைத்தார்கள், முகாம்களுக்கு அனுப்பினார்கள். 1942 டிசம்பரில் டுஸ்ஸல்டார்ஃப் கெஸ்டாப்போ ஒரே வீச்சில் எழுநூறுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது. போர் முற்ற முற்றச் சிலர் நேச நாட்டு விமானங்கள் போட்ட துண்டறிக்கைகளைப் பொறுக்கி வீட்டு வாசல்களில் போட்டார்கள், ராணுவத்தை விட்டு ஓடியவர்களுக்கும் வேலைக்கு இழுத்துவரப்பட்ட வெளிநாட்டவர்களுக்கும் மறைவிடம் கொடுத்தார்கள். கொலோனின் ஏரன்ஃபெல்ட் பகுதியில், முகாமிலிருந்து தப்பி வந்த ஹான்ஸ் ஸ்டைன்ப்ரூக் என்பவரைச் சுற்றி இருந்த குழு ஆயுதம் வரை போனது, துப்பாக்கிச் சூடும் நடந்தது. 1944 நவம்பர் 10 அன்று, விசாரணை எதுவும் இல்லாமல், ரயில் பாலத்தருகே தெருவிலேயே பதின்மூன்று பேரைத் தூக்கிலிட்டார்கள். அவர்களில் பார்தொலொமேயுஸ் ஷிங்க்குக்கு 16 வயது.

வசதியான வீட்டுப் பிள்ளைகளின் திமிறல் வேறு மாதிரி. ஹாம்பர்க்கில் ஸ்விங் இளைஞர்கள் என்று ஒரு கூட்டம். நீளமாக வளர்த்த தலைமுடி, ஆங்கிலப் பாணி கோட்டு, கையில் சுருட்டிய குடை, அமெரிக்க ஜாஸ் இசைத்தட்டு, இரவு நடனம். இதற்குப் போய் 1942 ஜனவரியில் நாட்டின் போலீஸ் தலைவர் ஹிம்லரே தன் கீழிருந்த ஹைட்ரிக்குக் கடிதம் எழுதினார்: தலைவர்களை வதை முகாமில் போட வேண்டும், முதலில் அடி, பிறகு இரண்டு மூன்று வருடம் வேலை. இளைஞர்களுக்கென்றே மோரிங்கனிலும் ஊக்கர்மார்க்கிலும் முகாம்கள் இருந்தன. ஒரு நடனத்துக்கு இவ்வளவு நடுங்கிய அரசு அது.

சிந்தித்து, தெரிந்தே எதிர்த்தவர்களும் பலர் இயக்கத்துக்குள்ளிருந்துதான் வந்தார்கள். ஹெல்முட் ஹ்யூபனர் ஹாம்பர்க் பையன், இயக்கத்தில் இருந்தவன். தடை செய்யப்பட்ட பிபிசி வானொலியை ரகசியமாகக் கேட்டு, செய்திகளைத் தட்டச்சு செய்து பரப்பினான். 1942 அக்டோபரில், 17 வயதில், பெர்லினின் ப்ளெட்ஸன்ஸே சிறையில் தலை வெட்டப்பட்டது. ஹான்ஸ் ஷோல், தடை செய்யப்பட்ட பழைய பாணி இளைஞர் குழு ஒன்றில் இருந்ததற்காக 1937 கடைசியில் கைதானார். அந்தக் கைது அவரை மாற்றியது. 1943 பிப்ரவரி 18 அன்று மூனிக் பல்கலைக்கழகத்தில் துண்டறிக்கைகளோடு அண்ணனும் தங்கையும் பிடிபட்டார்கள், நான்காம் நாள் இருவரும் நண்பர் கிறிஸ்டோஃப் ப்ரோப்ஸ்டும் கொல்லப்பட்டார்கள்.

இத்தனையும் சேர்த்தாலும் எதிர்த்தவர்கள் சில ஆயிரம் பேர்தான், இதை மிகைப்படுத்தக் கூடாது. மற்றவர்கள் கடைசிவரை போனார்கள். 1943 பிப்ரவரியிலிருந்து பள்ளி மாணவர்கள் விமான எதிர்ப்புப் பீரங்கிகளில் நின்றார்கள். பின்னாளில் போப்பாண்டவரான ஜோசஃப் ராட்ஸிங்கர் அவர்களில் ஒருவர். 1926இல் பிறந்த பையன்களைக் கொண்டு இயக்கத்தின் ஜெர்மன் பெயரான 'ஹிட்லர்யூகென்ட்' என்ற பெயரிலேயே, நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான எஸ்.எஸ்.ஸில் ஒரு டாங்கிப் படைப்பிரிவு உருவானது. பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு சிகரெட்டுக்குப் பதில் மிட்டாய் கொடுத்தார்கள். 1944 ஜூனில் நார்மண்டியில் இதே பிரிவு கைதான கனடிய வீரர்களைச் சுட்டுக் கொன்றது. கடைசியில் பெர்லின் பாலங்களில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்கள் டாங்கி எதிர்ப்பு ஆயுதத்தோடு நின்றார்கள். ஷீராக்குக்குப் பின் தலைவராக வந்த ஆர்ட்டூர் ஆக்ஸ்மான் அவர்களை அங்கே அனுப்பிவிட்டு, தான் உயிர் தப்பினார். சில ஆண்டு சிறையோடு அவர் கணக்கு முடிந்தது.

ஷீராக்குக்கு நூரெம்பெர்க்கில் 20 ஆண்டு சிறை. அதுவும் பிள்ளைகளைக் கெடுத்ததற்காக அல்ல, வியன்னாவின் ஆளுநராக இருந்து யூதர்களை நாடு கடத்தியதற்காக. 1946இல் அமெரிக்கர் வசம் இருந்த ஜெர்மன் பகுதியில் 1919 ஜனவரி 1க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பொதுமன்னிப்பு வந்தது, இயக்கத்தில் இருந்த லட்சக்கணக்கானவர்களின் கைகள் அதோடு கழுவப்பட்டன. பையன்களைத் தண்டித்து என்ன பயன் என்ற நியாயம் அதில் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எடல்வைஸ் பையன்களுக்கு அந்தத் தாராளம் கிடைக்கவில்லை. கெஸ்டாப்போ கோப்புகளில் திருடர்கள், ரவுடிகள் என்று எழுதியிருந்ததை மேற்கு ஜெர்மன் அதிகாரிகள் அப்படியே நம்பி, இழப்பீடு கேட்ட குடும்பங்களைத் திருப்பி அனுப்பினார்கள். 1984இல் இஸ்ரேலின் யூத இன அழிப்பு நினைவு நிறுவனமான யாட் வாஷெம் ஷிங்க்கையும், உயிர் தப்பிய ஜான் யூலிஷையும் யூதர்களுக்கு உதவியவர்களாக கௌரவித்தது. அப்போதும் கொலோன் அசையவில்லை. அவர்கள் அரசியல் எதிர்ப்பாளர்கள்தான் என்று அங்குள்ள அரசு நிர்வாகம் ஒப்புக்கொண்டது 2005இல்.